கோதுமை இல்லாத பிட்செல்லே: மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது?

இத்தாலியின் நடுப்பகுதியில், அப்பென்னைன் மலைகளுக்கும் ஆட்ரியாட்டிக் கடலுக்கும் இடையே அப்ருட்சோ என்ற மாநிலம் இருக்கிறது. கல்யாணம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா என்று எது வந்தாலும் அங்கே தட்டில் ஒரு பிஸ்கட் இருக்கும். உள்ளங்கை அகலம், சில மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் பூவோ கட்டங்களோ பதிந்த மேற்பரப்பு, ஆனிஸ் விதையின் மணம். இதைப் பிட்செல்லே என்பார்கள். சில ஊர்களில் ஃபெர்ராத்தெல்லே, சில ஊர்களில் நேவோலே. கொக்குல்லோ என்ற மலைக்கிராமத்தில் மே மாதத் தொடக்கத்தில் புனித தொமினிக்கின் சிலைமேல் உயிருள்ள பாம்புகளைப் போர்த்தி ஊர்வலம் எடுப்பார்கள். அந்தத் திருவிழாவோடும் இந்தப் பிஸ்கட்டைச் சேர்த்தே பேசுவார்கள்.

பிட்செல்லே சுடும் கருவி ஓர் இடுக்கி. நீண்ட கைப்பிடிகள், அவற்றின் நுனியில் கீல் போட்டு மூடும் இரண்டு இரும்புத் தகடுகள், தகடுகளின் உட்பக்கம் செதுக்கிய வடிவங்கள். பழைய குடும்பங்கள் கொல்லரிடம் சொல்லி வீட்டுப் பெயரின் முதலெழுத்தையோ குலச் சின்னத்தையோ செதுக்கி வாங்கின. மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் அதுவும் சேர்ந்தது. கடிகாரம் பார்க்காமல் சுட ஒரு வழியும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் தீயில் இருக்கும்போது ஒரு மங்களவார்த்தை ஜெபம், திருப்பிப் போட்டபின் ஒரு பரலோக மந்திரம். இரண்டையும் நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரத்தில் பிஸ்கட் வெந்திருக்கும்.

இந்தப் பிஸ்கட்டைக் கோதுமை இல்லாமல் செய்ய வேண்டும் என்றதும் பலர் மனத்தில் ஓர் அச்சம் எழுகிறது. குளூட்டன் இல்லாத ரொட்டி உதிர்கிறது, கேக் அமுங்குகிறது, இதுவும் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறார்கள். பிட்செல்லே விஷயத்தில் அந்த அச்சம் தேவையில்லை. ரொட்டியைத் தாங்கி நிற்பது குளூட்டன். பிட்செல்லேயைத் தாங்கி நிற்பது வேறு. கோதுமையை எடுத்துவிட்டால் இந்தப் பிஸ்கட் தன் உயிரை இழப்பதில்லை என்பதை அதன் வேதியியலே காட்டுகிறது.

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது அவை ஒன்றோடொன்று பின்னி இழுபடும் வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். ஈஸ்ட் வெளியிடும் வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி உப்புகிறது, பரோட்டா மாவு காகிதம்போல் விரிகிறது. அந்த வலை உருவாகத் தாராளமாகத் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும், பிசையும் கை வேண்டும். பிட்செல்லே மாவில் மூன்றும் கிடையாது. முட்டையிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் மட்டுமே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதியைச் சர்க்கரை தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. உருகிய வெண்ணெய் புரதத் துகள்களைச் சுற்றிப் படிந்து, அவை ஒன்றையொன்று தொடவிடாமல் தடுக்கிறது. ஆக, கோதுமையில் செய்யும் அசல் பிட்செல்லேயிலேயே குளூட்டன் வலை அரைகுறையாகத்தான் இருக்கிறது.

வேஃபர் தயாரிக்கும் தொழிற்சாலைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அங்கே குளூட்டன் இழைகள் திரண்டால் தொல்லை. மாவு கட்டிபட்டுக் குழாய்களை அடைக்கும், தகட்டில் ஒரே சீராகப் பரவாது. அதனால் புரதம் குறைந்த மாவாகத் தேர்ந்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரில், குறைந்த நேரம் மட்டும் கலக்குகிறார்கள். குளூட்டன் வராமல் பார்த்துக்கொள்வதே அந்தத் தொழிலின் திறமைகளில் ஒன்று.

அப்படியானால் மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது? சூடான தகடுகளுக்கு நடுவே ஒரு கரண்டி மாவு விழுந்து மூடி அழுந்தியதும் பல காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தகட்டைத் தொட்ட நீர் நொடியில் ஆவியாகி ஓரங்கள் வழியே சீறிக்கொண்டு வெளியேறுகிறது. முட்டைப் புரதம் உறைந்து முதல் கட்டுமானத்தைத் தருகிறது. மாவுச்சத்துத் துகள்கள் கிடைத்த நீரைக் குடித்து வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. ஆவி போன வழியெல்லாம் நுண்ணிய குமிழ்க் கூடுகளாக உள்ளே நிற்கிறது. தகட்டைத் தொட்ட இரு பக்கங்களும் அடர்ந்த தோலாக இறுகுகின்றன. சர்க்கரை, மிச்சமிருக்கும் சிறிதளவு நீரோடு சேர்ந்து அடர்ந்த பாகாகி எல்லா இடைவெளிகளிலும் பரவுகிறது.

கடைசியாகச் சொன்ன சர்க்கரைதான் முக்கியம். பிட்செல்லேயை இரும்பிலிருந்து முள்கரண்டியால் நெம்பி எடுக்கும்போது அது மொறுமொறுப்பாக இருக்காது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் நடுப்பகுதி தொய்ந்து தொங்கும். அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு மரக்குச்சியில் சுற்றினால் குழலாகும், கிண்ணத்தின்மேல் கவிழ்த்தால் கிண்ணமாகும். கம்பித் தட்டில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து நகத்தால் தட்டினால் உலர்ந்த ஓசை வரும், வளைத்தால் ஒடியும். இடையில் நடந்தது சமையல் அல்ல, குளிர்ச்சி. சூட்டில் நெகிழ்ந்திருந்த சர்க்கரைப் பாகு ஆறும்போது படிகமாகாமல் அப்படியே கண்ணாடி நிலைக்குப் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியில் உள்ளதைப் போலவே இங்கும் மூலக்கூறுகள் வரிசையில் அமராமல், ஓடிக்கொண்டிருந்த கோலத்திலேயே உறைந்து நிற்கின்றன. ஈரமே இல்லாத சர்க்கரை சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இப்படிக் கண்ணாடியாகிறது. அதில் சிறிது நீர் கலந்தாலும் அந்த வெப்பநிலை வேகமாக இறங்கிவிடும். சில சதவீத ஈரம் ஏறினாலே அறை வெப்பத்தில் அது கண்ணாடியாக நிற்க முடியாமல் மறுபடி நெகிழும். மழைக்காலத்தில் திறந்து வைத்த பிஸ்கட் நமத்துப்போவது இதனால்தான். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் புகழ்பெற்ற ஐஸ்கிரீம் கோனும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது: சூட்டில் சுருட்டி, ஆறவிட்டு, விறைக்க வைப்பது.

முட்டை, மாவுச்சத்து, சர்க்கரை ஆகிய மூன்றுக்கும் கோதுமை தேவையில்லை. நம் அச்சு முறுக்கை நினைத்துப் பாருங்கள். அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, சூடான இரும்பு அச்சு. அதன் மொறுமொறுப்பைக் குறைசொன்னவர் உண்டா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனப் புத்தாண்டுக்குச் செய்யும் குவே காப்பிட் இன்னும் நெருங்கிய உறவு. லவ் லெட்டர் என்றால் அங்குள்ள தமிழர்களுக்கு உடனே தெரியும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த நீர்த்த மாவை, பூக்கள் செதுக்கிய கீல் இடுக்கியில் ஊற்றிக் கரி அடுப்பில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் மடித்துவிடுவார்கள். சில வீடுகளில் கொஞ்சம் கோதுமை மாவும் சேர்ப்பதுண்டு என்பதால், கோதுமை ஆகாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

கோதுமை யாருக்கு ஆகாது என்பது மருத்துவத்துக்குத் தெளிவானதே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். சீலியாக் நோயில் குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் மெலிந்து, தின்றது உடம்பில் ஒட்டாமல் வாடினார்கள். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே, கோதுமையை நிறுத்தினால் இவர்கள் தேறுகிறார்கள் என்று இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சந்தேகப்பட்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பஞ்சத்தில் சிக்கி ரொட்டியே கிடைக்காமல் போனபோது அவருடைய சந்தேகம் வலுப்பட்டது. ஊரே பட்டினியில் கிடக்க, இந்தக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் ஆய்வேடாக இதை எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் சக ஆய்வாளர்களும் குற்றவாளி கோதுமையின் மாவுச்சத்து அல்ல, அதன் புரதம் என்று காட்டினார்கள்.

அந்தப் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற அமினோ அமிலங்கள் நிறைந்திருப்பதால் நம் செரிமான நொதிகளால் அதை முழுக்கத் துண்டாக்க முடிவதில்லை. நீண்ட துண்டுகள் அப்படியே சிறுகுடலை அடைகின்றன. மரபுவழியில் சில குறிப்பிட்ட நோயெதிர்ப்பு மரபணுக்கள் அமைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, உடலின் காவல்படை அந்தத் துண்டுகளை எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. அடி வாங்குவது குடலின் உட்சுவரில் உள்ள விரல் போன்ற உறிஞ்சிகள். அவை மழுங்கிப்போனால் இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் சேராது. உலகில் நூற்றில் ஒருவர் அளவுக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மருந்து கிடையாது, கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை ஆயுள் முழுக்க விலக்குவதே சிகிச்சை. சந்தேகம் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள்கள் குறைந்து, இருக்கும் நோய் இல்லை என்று காட்டிவிடலாம்.

பாஸ்தாவும் ரொட்டியும் உயிராக இருக்கும் இத்தாலி இதைப் பொறுப்போடு எடுத்துக்கொண்டது. 2005-ஆம் ஆண்டின் 123-ஆம் எண் சட்டம் சீலியாக்கைச் சமூக முக்கியத்துவம் உள்ள நோயாக ஏற்றது. நோயாளிகளுக்குக் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு மாதாமாதம் உதவுகிறது. பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்டால் தனி உணவு கொடுத்தாக வேண்டும். திருவிழாத் தட்டைப் பார்த்து ஒரு குழந்தை கையை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு நாடு நினைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி மாவு. அரிசி மாவு மட்டும் போட்டாலும் பிட்செல்லே வரும். ஆனால் நாக்கில் மணல்போல் நெருடும். அரிசியின் மாவுச்சத்துத் துகள்கள் மிகச் சிறியவை, சில மைக்ரான்தான். நெருடுவது அவையல்ல, அவை இறுகப் பிணைந்து நிற்கும் மாவுப் பொடிகள். உலர்ந்த அரிசியை அப்படியே அரைத்தால் பொடி பருமனாக வரும், அரைக்கும் சூட்டில் மாவுச்சத்தும் சிதையும். சிதைந்த மாவுச்சத்து நீரை அதிகம் குடித்துக் கலவையைக் கெட்டியாக்கும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு நுண்மையாக இருக்கும், சிதைவும் குறைவு. அதிரசத்துக்கு மாவு இடிக்கும் வீடுகளில் இந்த நுணுக்கம் தெரியும். பிட்செல்லேக்கு அந்த மாவை ஈரம் போக நன்றாகக் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். கடையில் விற்கும் வறுத்த இடியாப்ப மாவு இதற்குச் சரிப்படாது. அது நீரை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும்.

அரிசியோடு, மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மரவள்ளி ஸ்டார்ச் சேர்த்தால் பிஸ்கட் இலேசாகவும் முறுகலாகவும் வரும். மரவள்ளியின் துகள்கள் எளிதில் வீங்கி உடைந்து, இழுபடும் கூழாகிக் குமிழ்களின் சுவரை மெல்லியதாக விரிக்கின்றன. சாந்தன் கம் வேண்டுமா என்று கேட்பார்கள். ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் இந்தப் பிசின் கலவையைக் கெட்டிப்படுத்தும், குளூட்டன் இல்லாத ரொட்டிக்கு அது தேவைதான். பிட்செல்லேயில் மாவை இரண்டு இரும்புத் தகடுகளே பிடித்துக்கொள்கின்றன, முட்டையும் இருக்கிறது. விட்டுவிடலாம் என்பதே என் முடிவு. அதிகம் போட்டால் முறுகல் போய் இரப்பர்த்தனம் வரும்.

நிறம் இன்னொரு சிக்கல். அரிசியில் புரதம் குறைவு. பொன்னிறத்தைத் தருவது புரதமும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேரும் வினை என்பதால், அரிசி பிட்செல்லே கொஞ்சம் வெளிறித் தெரியும். தேன் சேர்த்தால் நிறம் கூடும். ஆனால் தேனிலுள்ள ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுத்து அந்தச் சர்க்கரைக் கண்ணாடியை நெகிழ்த்திவிடும். ஒரு மேசைக்கரண்டி பால்பவுடர் மேல். அதிலுள்ள லாக்டோஸும் புரதமும் நிறத்தைக் கொடுக்கும், பிஸ்கட்டும் சீக்கிரம் நமத்துப்போகாது.

மூன்று முட்டைகளை 150 கிராம் சர்க்கரையோடு வெளிறி நுரைக்கும்வரை அடியுங்கள். உருக்கி ஆறிய 110 கிராம் வெண்ணெயில் ஒரு தேக்கரண்டி பொடித்த ஆனிஸ் விதையைக் கலந்து ஊற்றுங்கள். ஆனிஸ் கிடைக்காவிட்டால் நம் சோம்பு போதும். இரண்டுக்கும் மணம் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெண்ணெயில் முதலில் சேர்க்கச் சொல்வது அதனால்தான். பிறகு 150 கிராம் அரிசி மாவு, 70 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், ஒரு மேசைக்கரண்டி பால்பவுடர், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. கலந்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். கோதுமை மாவுக்கு இந்த ஓய்வு அவ்வளவு முக்கியமில்லை, அரிசி மாவுக்கு விட்டுக்கொடுக்க முடியாதது. பொடிகளின் உள்ளே நீர் இறங்க அவ்வளவு நேரமாகும். கரண்டியைச் சாய்த்தால் கலவை ஓடக் கூடாது, மெதுவாகத் திரண்டு விழ வேண்டும். கெட்டியாகிவிட்டால் ஒரு கரண்டி பால் விடலாம்.

இரும்பு நன்றாகச் சூடேறியபின் இலேசாக எண்ணெய் தடவி, நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி ஒரு மேசைக்கரண்டி மாவை வையுங்கள். மூடி அழுந்தும்போது மாவு முன்பக்கம் நகரும். அதன்பின் கண் ஆவியில் இருக்கட்டும். முதலில் சுற்றிலும் வேகமாகச் சீறும், பிறகு இழைபோல் மெலியும். மெலிந்துவிட்டால் பெரும்பாலான நீர் போய்விட்டது என்று பொருள், திறக்கலாம். மின்சார இரும்பில் இதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். ஆவி அடங்குமுன் எடுத்தால் எவ்வளவு ஆறினாலும் முறுகாது. முதல் பிஸ்கட் எண்ணெய் குடித்து வரும், ஒதுக்கிவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான கடினம் மாவில் இல்லை, இரும்பில் இருக்கிறது. பாட்டி கொடுத்த பழைய இடுக்கியின் செதுக்கல்களில் பல வருடத்துக் கோதுமைத் துகள் படிந்து கருகியிருக்கும். சூட்டில் குளூட்டன் செத்துவிடும் என்று நம்பி அதிலேயே அரிசி பிட்செல்லே சுடுபவர்கள் உண்டு. குளூட்டன் கிருமி அல்ல, சமையல் சூட்டில் அதன் தீங்கு போகாது. எவ்வளவு சிறு அளவு தீங்கு செய்யும் என்பதை இத்தாலிய மருத்துவர் கார்லோ கத்தாஸ்ஸியும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலில் சேதம் தெரிந்தது. அது ரொட்டியின் ஒரு சிறு துணுக்கில் இருக்கும் அளவு. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரவிதியின் வரம்பு. சீலியாக் உள்ளவருக்குத் தனி இரும்பு வாங்குங்கள். பழையதைச் சுவரில் மாட்டி வையுங்கள், அதன் அழகு எங்கும் போய்விடாது.

மாவு மில்லுக்கும் இதே விதி. நம் தெருவோர மில்லில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைக் கொட்டினால், முதலில் வந்து விழுவது இரண்டும் கலந்த மாவு. சீலியாக் உள்ள வீட்டில் மிக்ஸியில் அரைப்பதோ, குளூட்டன் இல்லாதது என்று சான்றளித்த பாக்கெட் வாங்குவதோ தவிர வேறு வழியில்லை. பேக்கிங் பவுடர் பாக்கெட்டிலும் எந்த ஸ்டார்ச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.

இதே கீல் இடுக்கிகளில்தான் ஐரோப்பியத் தேவாலயங்களுக்கு நற்கருணை அப்பமும் சுட்டார்கள் என்பதால் இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பம் கோதுமையாகத்தான் இருக்க வேண்டும், குளூட்டன் அறவே இல்லாதது செல்லாது என்று வத்திக்கான் 2003-இல் தெளிவுபடுத்தி, 2017-இல் மறுபடி நினைவூட்டியது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை அது ஏற்கிறது. அதுவும் முடியாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம்.

சுட்ட பிட்செல்லேகளைக் கம்பித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஆறவிட்டு, முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். சூடாக அடுக்கினால் ஒன்றின் ஆவியை மற்றது குடித்துவிடும். அப்ருட்சோவில் இரண்டு பிட்செல்லேகளுக்கு நடுவே மோந்தெபுல்சானோ திராட்சை ஜாம் வைத்துச் சாப்பிடுவார்கள். ஜாமின் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்கிவிடுமாதலால் பரிமாறும்போதுதான் தடவ வேண்டும். கடலோர ஊர்களில் எவ்வளவு மூடி வைத்தாலும் ஒருநாள் நமத்துப்போகும். அப்போது 150 டிகிரி அடுப்பில் சில நிமிடம் வைத்து வெளியே எடுங்கள். ஏறிய ஈரம் வெளியேறிவிடும், ஆறும்போது சர்க்கரை மீண்டும் கண்ணாடியாகும்.